பெரியப்பாவின் போல்ட்டும் இம்யூனிட்டி பவுடரும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிற ஆசாமி. வீட்டில் ஒருத்தருக்கு வந்த நோயைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன், அவ்வளவுதான். மருந்து விஷயத்தில் உங்க டாக்டர் சொல்றதுதான் சட்டம்.

போன வாரம் பழைய ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ஃபோன் பண்ணினார். அவங்க அம்மாவுக்கு மல்டிபிள் மைலோமான்னு சொல்லிட்டாங்களாம். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. எங்க பெரியப்பாவுக்கும் அதுதான் என்பது அவருக்குத் தெரியும், அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். குரல் உடைஞ்சு போயிருந்தது. கொஞ்ச நேரம் பேசிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இம்யூனிட்டி ஏறுறதுக்கு அம்மாவுக்கு என்ன குடுக்கலாம்? சொந்தக்காரர் ஒருத்தர் சீந்தில் பவுடர் வாங்கிட்டு வந்துட்டார்."

நானும் 2022-ல் இதே கேள்வியைத்தான் கேட்டேன். தப்பான கேள்வி. ஏன் தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

பெரியப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எட்டு மாசம் முதுகு வலி. வயசாயிடுச்சுன்னு தைலம் தேய்ச்சோம், பெல்ட் போட்டோம். கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர் எகிறியிருந்தது, மொத்த புரோட்டீன் அளவும் அதிகம். பெரியம்மாவுக்கு சந்தோஷம் வேற. "புரோட்டீன் ஜாஸ்தியா இருந்தா சத்துதானே?"

சத்து இல்லை பெரியம்மா. அதுதான் வியாதியே.

விளக்கம் சொன்ன சின்ன வயசு டாக்டரை மறக்க மாட்டேன். பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். நம்ம எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள்னு கொஞ்சம் இருக்கும். ஆன்டிபாடி செய்கிற தொழிலாளிகள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு மாடல் ஆன்டிபாடிதான் செய்யும். ஒண்ணு நிமோனியா கிருமிக்கு, ஒண்ணு சின்ன வயசுல வந்த அம்மைக்கு, இப்படி. மைலோமாவில் அந்தத் தொழிலாளிகளில் ஒருத்தனுக்குப் புத்தி பேதலிச்சுடும். அவன் பெருகி, அவன் பிள்ளைகள் பெருகி, மஜ்ஜை பூரா அவன் வம்சம். எல்லாரும் ஒரே மாடலைச் செய்து தள்ளுவார்கள். ரத்தத்தில் புரோட்டீன் கூடுவது அதனால்தான். அந்த மாடலால் எந்தக் கிருமிக்கும் எதிராக ஒரு பிரயோஜனமும் இல்லை.

பெரியப்பா கேட்டுட்டு இருந்தார். அப்புறம் சொன்னார்: "புரியுது சார். ஒரு லேத்து கெட்டுப்போயி ராப்பகலா ஒரே சைஸ் போல்ட்டையே போட்டுத் தள்ளுது. ஷெட்டு பூரா அந்த போல்ட்டுதான். வண்டிக்கு வேண்டிய மத்த சைஸைச் செய்யிறதுக்கு எடமும் இல்ல, ஆளும் இல்ல."

டாக்டர் சிரிச்சுட்டு, இனிமே எல்லா பேஷன்ட்டுக்கும் இப்படியே சொல்றேன்னார்.

மைலோமாவைப் பற்றி இதைவிடச் சரியாக நான் எங்கேயும் படிக்கவில்லை. மற்ற ஆன்டிபாடிகள் இப்படிக் குறைந்துபோவதற்கு இம்யூனோபரேசிஸ் என்று பெயர், அதாவது எதிர்ப்பு சக்திக்கு வந்த வாதம். மொத்தக் கணக்கில் எதிர்ப்புப் பொருள் நிரம்பி வழியும், பயன்படக்கூடிய ஆன்டிபாடி மட்டும் இருக்காது.

ஆன்டிபாடியோடு முடிந்தால் பரவாயில்லை. மஜ்ஜைக்குள் இருக்கிற மற்ற காவல்காரர்களும் மாறிப்போகிறார்கள். கிருமி பிடித்த செல்லையும் புற்று பிடித்த செல்லையும் தேடிக் கொல்வது டி செல்களின் வேலை. அவற்றில் சில சோர்ந்து போகின்றன, சில கிழடு தட்டிப் போகின்றன. எதிரியின் துண்டைக் கொண்டுபோய்க் காட்டி டி செல்லை உசுப்பிவிடுகிற டென்ட்ரிடிக் செல்களின் வேலை மந்தமாகிறது. உத்தரவுக்குக் காத்திராமல் அடிக்கிற என்.கே செல்கள் கை கட்டி நிற்கின்றன. சண்டையை அடக்குகிற வகை செல்கள் மட்டும் கூடுகின்றன. புற்று செல்லுக்கு இதைவிட வசதியான அக்கம்பக்கம் வேண்டுமா?

இன்னொரு விஷயம், இது நோய் முற்றிய பிறகு நடப்பது இல்லை. மைலோமாவுக்கு முந்தைய நிலை ஒன்று உண்டு, எம்.ஜி.யூ.எஸ் என்பார்கள். அமெரிக்காவில் மினசோட்டாவில் 2006-ல் வெளிவந்த கணக்குப்படி, 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 3 பேருக்கு இது இருக்கிறது. பயப்பட வேண்டாம், அதில் வருஷத்துக்கு 100-ல் ஒருத்தருக்குத்தான் நோயாக மாறுகிறது. பலருக்கு ஆயுசு முழுக்க மாறுவதே இல்லை. ஆனால் அந்த நிலையிலேயே தொற்று வருகிற வாய்ப்பு இரண்டு மடங்கு என்று ஸ்வீடனில் 2012-ல் கணக்கெடுத்துச் சொன்னார்கள். 2020-ல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் மஜ்ஜையின் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, இந்த முந்தைய நிலையிலேயே எதிர்ப்பு செல்களின் சேர்மானம் மாறத் தொடங்கியிருந்தது. முதுகு வலி வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே காவல் தளர்ந்துவிடுகிறது.

ஸ்வீடன்காரர்களின் இன்னொரு கணக்கு 2015-ல் வந்தது. 9,253 மைலோமா நோயாளிகள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் பாக்டீரியா தொற்று 7 மடங்கு, வைரஸ் தொற்று 10 மடங்கு. நோய் கண்டுபிடித்த முதல் வருஷத்தில் நடந்த சாவுகளில் 22 சதவீதத்துக்குக் காரணம் தொற்று. அஞ்சில் ஒரு பங்குக்கும் மேலே! இதைப் படித்தபோது ராத்திரி ரெண்டு மணி. பெரியப்பா போய் மூணு மாசம் ஆகியிருந்தது.

சரி, நடந்ததைச் சொல்லிடறேன்.

2022 மார்ச்சில் சிகிச்சை ஆரம்பம். வாரா வாரம் வயிற்றுத் தோலுக்கடியில் போர்டிசோமிப் ஊசி, லெனலிடோமைட் மாத்திரை, சனிக்கிழமை டெக்ஸாமெதசோன். டெக்ஸா சாப்பிட்ட அன்னிக்கு மனுஷன் தூங்கவே மாட்டார். பழைய ரேடியோவைக் கழட்டி மாட்டிட்டு இருப்பார், மூணு மணிக்குக் காபி கேட்பார். ஒரு தடவை அக்கி வந்தது. பெரியம்மா குயவர் வீட்டில் சொல்லி அக்கி எழுதணும்னு நின்னாங்க. எழுதவும் எழுதினோம், ஆஸ்பத்திரிக்கும் போனோம். ஆகஸ்ட்டில் பார்த்தால் அந்தக் கெட்ட புரோட்டீன் அஞ்சில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. வீட்டில் பாயசம் வெச்சோம்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி காய்ச்சல். 100.6. நான்தான் தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தேன். லேசா இருமல். பாரசிட்டமால் குடுத்தேன். ராத்திரி நேரத்துல அலைக்கழிக்க வேண்டாம், காலைல பார்த்துக்கலாம்னு நினைச்சேன். சனிக்கிழமை டெக்ஸா நாள். காய்ச்சல் இறங்கிடுச்சு, ஆளும் உற்சாகம். ஞாயித்துக்கிழமை பேரனோட கேரம் ஆடினார். திங்கட்கிழமை விடியக்காலை மூச்சு வாங்குது. ஐ.சி.யூ., வென்டிலேட்டர். ஒன்பதாவது நாள் முடிஞ்சுபோச்சு.

நிமோனியா. "கேன்சர் நல்லா கன்ட்ரோல்ல இருந்துச்சு"ன்னு டாக்டர் சொன்னார். அவருக்கும் வருத்தம்தான்.

ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும் என்று எனக்கு அப்போ தெரியாது. அந்த ரெண்டு நாள் உற்சாகம் மருந்து தந்தது. உள்ளே நிமோனியா அதன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது. முதல் நாளே போயிருந்தா பிழைச்சிருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. ஆனா ரெண்டு நாள் முன்னாடி ஆன்டிபயாடிக் ஏறியிருக்கும். அதுல எனக்கு சந்தேகமே இல்லை.

காரியமெல்லாம் முடிஞ்சு ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதம், மூன்றாவது பக்கம், கீழே, ஆங்கிலத்தில் ஒரு வரி: காய்ச்சல் வந்தால் உடனே வரவும். அவ்வளவுதான். பில் மட்டும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. ஊசி எப்போ, பணம் எப்போ கட்டணும், எல்லாத்தையும் வாயால் சொன்னவர்கள் இதை வாயால் சொல்லவில்லை. சொன்னார்களோ, எங்க காதில்தான் விழவில்லையோ.. கேன்சர் என்ற வார்த்தையைக் கேட்ட பிறகு மனுஷனுக்கு வேற எதுதான் காதில் விழும்? அதனால்தான் சொல்றேன், அது ஒரு தரம் சொல்லிவிட்டு விடுகிற விஷயம் இல்லை. தமிழில், ஒரே காகிதத்தில், பெரிய எழுத்தில் அடித்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லிக் கையில் கொடுக்க வேண்டிய விஷயம். 100.4 தொட்டால் ராத்திரியோ பகலோ கிளம்பு. பாரசிட்டமால் போட்டுக் காத்திருக்காதே. ஸ்டீராய்டு நாளில் காய்ச்சலே இல்லாட்டியும் ஆள் சரியில்லைன்னா கிளம்பு. மொத்தம் மூணு வரி. இதுக்கு ஆகிற செலவு ஒரு ஜெராக்ஸ்.

இப்போ பவுடருக்கு வருவோம்.

2020-லிருந்து இம்யூனிட்டி என்ற சொல் படுகிற பாடு உங்களுக்கே தெரியும். மெத்தையிலிருந்து சட்டை வரைக்கும் இம்யூனிட்டி தரும்னு விளம்பரம் வந்தது. டேங்க்கில் தண்ணி கம்மியா இருக்கு, மோட்டார் போட்டா ஏறிடும்ங்கிற மாதிரி ஒரு நினைப்பு. சாதாரண மனுஷனுக்கே அது சரியான நினைப்பு இல்லை. மைலோமாக்காரருக்கோ எதிர்ப்பு செல்தான் வியாதியே! எதை ஏத்தப் போறீங்க? கெட்டுப்போன லேத்துக்கு இன்னும் கொஞ்சம் கரண்ட்டா?

சித்த வைத்தியத்தோட எனக்கு ஒரு சண்டையும் இல்லை. எங்க வீட்டில் சளி பிடிச்சா இன்னிக்கும் கஷாயம்தான். என் சண்டை, எந்த வியாதிக்காரருக்கு எந்த மருந்து ஓடிட்டு இருக்குன்னு கேட்காமலே பவுடர் டப்பாவோட வந்து நிக்கிற பாசத்தோட. நான் என்னவோ உத்தமன் மாதிரி பேசறேனே, பெரியப்பாவுக்கு நான் என்ன வாங்கிக் கொடுத்தேன் தெரியுமா? கிரீன் டீ. கூடவே சப்புகிற வைட்டமின் சி மாத்திரை. ரெண்டு டப்பாவிலும் இம்யூனிட்டின்னு போட்டிருந்தது. அப்புறம் படிக்கிறேன்: கிரீன் டீயில் இருக்கிற ஒரு சத்து போர்டிசோமிப் மருந்தையே கட்டிப்போட்டுவிடுகிறது என்று 2009-ல் ஆய்வகத்திலும் எலியிலும் பார்த்திருக்கிறார்கள். வைட்டமின் சி பற்றியும் அதே வருஷம் எலிகளில் அதே போல ஒரு முடிவு. எலிக்கு நடப்பதெல்லாம் மனுஷனுக்கு நடக்கணும்னு இல்லை. ஆனா டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? சீந்தில் கதையும் அப்படித்தான். அதைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. எதிர்ப்பு செல்களை நிஜமாகவே உசுப்பிவிடுகிற மாத்திரையை அவர் தினமும் சாப்பிட்டுட்டுதான் இருந்தார். லெனலிடோமைட்! டி செல்லையும் என்.கே செல்லையும் தட்டி எழுப்பி மைலோமா மேலே ஏவுகிற வேலை அதற்கு உண்டு. தாலிடோமைட் என்ற பழைய மருந்தின் வாரிசு. கர்ப்பிணிகள் சாப்பிட்டுக் குழந்தைகள் கை கால் இல்லாமல் பிறந்ததால் 1961-ல் சந்தையை விட்டு ஓடின அதே தாலிடோமைட்தான். 1999-ல் அது மைலோமாவுக்குக் கேட்கிறது என்று தெரிந்து மறுபடி உள்ளே வந்தது. அதன் பிள்ளை 2006-ல் அமெரிக்காவில் மைலோமாவுக்கு அனுமதி வாங்கியது. அந்த மாத்திரையே ஒரு பக்கம் உசுப்பிவிட்டு, இன்னொரு பக்கம் வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் எண்ணிக்கையைக் குறைக்கும். இத்தனை வருஷம் ஆராய்ந்து செய்த மருந்தாலேயே ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கத்தான் முடிகிறது. டப்பா பவுடர் எம்மாத்திரம்?

புது மருந்துகளும் இதே கதைதான். 2015-ல் வந்த டாராடுமுமாப் மைலோமா செல்லை அடிக்கும்போது என்.கே செல்லையும் நல்ல பிளாஸ்மா செல்லையும் சேர்த்து அடிக்கிறது. 2022-ல் அனுமதி பெற்ற டெக்லிஸ்டமாப், டி செல்லின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் மைலோமா செல்லோடு கோர்த்துவிடுகிறது. எல்லா மருந்தும் கைவிட்டவர்களுக்கே அது கேட்டது, பெரிய விஷயம். ஆனால் அந்தப் பரிசோதனையில் இருந்த 165 பேரில் 76 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு தொற்று, 45 சதவீதத்தினருக்குக் கடுமையான தொற்று. கொரோனா காலத்தில் நடந்த பரிசோதனை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். மருந்து வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. மருந்து பலமாக ஆக, வீட்டு ஜாக்கிரதையும் பலமாகணும்னு சொல்றேன்.

கோலின் பவல் ஞாபகம் இருக்கா? அமெரிக்க வெளியுறவு அமைச்சரா இருந்தவர். 2021 அக்டோபர் 18-ல் கொரோனாவால் இறந்தார், 84 வயசு. தடுப்பூசி முழுசாப் போட்டவர். உடனே ஒரு கூட்டம் "பார்த்தீங்களா, ஊசி போட்டும் செத்துட்டார்"னு கிளம்பிடுச்சு. எனக்கும் வாட்ஸப்பில் வந்தது. அவருக்கு மைலோமா இருந்தது என்ற பாதியை ஃபார்வர்டு பண்ணினவர்கள் விட்டுட்டாங்க. ஊசி ஒரு பாடம்தான். படிக்கிற பிளாஸ்மா செல்லும் டி செல்லும் சரியாக இருந்தால்தான் மனசில் நிற்கும். அப்போ மைலோமாக்காரருக்கு ஊசி வேஸ்ட்டா? இல்லை. அரைகுறையாகப் பிடித்தாலும் லாபம்தான். நிமோகாக்கல், ஃப்ளூ ரெண்டையும் டாக்டர் சொல்கிற நேரத்தில் போடணும். உயிருள்ள கிருமி வைத்துச் செய்த ஊசிகளை மட்டும் தவிர்க்கணும். அதைவிட முக்கியம் கூட இருக்கிறவர்கள் போட்டுக்கொள்வது. அவர் உடம்பு படிக்காத பாடத்தை உங்க உடம்பு படிக்கட்டும். எங்க வீட்டில் பெரியப்பாவுக்கு மட்டும் போட்டோம். நாங்க எட்டு பேர், ஒருத்தரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கலை.

தொற்று வருவதற்கு முன்னாலேயே மருந்து கொடுத்தால் என்ன என்றும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 977 பேருக்கு நடந்த பரிசோதனை, 2019-ல் முடிவு வந்தது. முதல் 12 வாரம் லெவோஃப்ளாக்ஸசின் சாப்பிட்டவர்களில் 19 சதவீதத்தினருக்குக் காய்ச்சலோ சாவோ வந்தது; வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 சதவீதம். நல்ல வித்தியாசம். ஆனால் நம்ம ஊரில் இதை அப்படியே காப்பியடிக்க முடியுமான்னு எனக்கு யோசனை. இங்கே காச நோய் ஜாஸ்தி. லெவோஃப்ளாக்ஸசின் காசக் கிருமி மேலேயும் வேலை செய்கிற மருந்து. தெரியாமல் உள்ளே இருக்கிற டி.பி.யை அரைகுறையாக அமுக்கி வைத்துவிடும். அதை டாக்டர்கள் பார்த்துக்கட்டும்.

டாக்டர் பார்க்க முடியாதது ஒண்ணு இருக்கு. விசிட்டர்ஸ். கேன்சர்னு தெரிஞ்சதும் ஊரே வரும். வரலைன்னா கோபம், வரவேண்டாம்னா அதைவிடக் கோபம். பழம் வாங்கிட்டு வந்து, கட்டில்ல உட்கார்ந்து, கையைப் பிடிச்சு, முகத்துக்கு நேரா இருமிட்டுப் போவாங்க. பெரியம்மா ஒருத்தரையும் தடுக்க மாட்டாங்க. நான் ஒரு தடவை வாசல்ல மாஸ்க் கொடுத்துப் பார்த்தேன். ஒரு சித்தப்பா இன்னும் என்கிட்ட பேசறதில்லை :-)

இதுல என் மனசே ரெண்டு பக்கமும் ஆடுது, ஒத்துக்கறேன். ஏன்னா பெரியப்பாவுக்கு மனுஷங்க வேணும். பேரன் கேரம் போர்டோட வந்தா அவர் முகத்துல வர்ற வெளிச்சத்தை எந்த மருந்தும் கொண்டுவரலை. பூட்டி வெச்சிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார், ஆனா எப்படி இருந்திருப்பார்? அதனால யாரும் வராதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சளி, காய்ச்சல் இருந்தா வராதீங்க, ஃபோன்ல பேசுங்க. வந்தா திண்ணையில காத்தோட்டமா உட்காருங்க, கை கழுவிட்டுத் தொடுங்க. இதுக்குக் கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும். யார்கிட்டேர்ந்து பெரியப்பாவுக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அந்த வாரம் எனக்கும் லேசா மூக்கு ஒழுகிட்டுதான் இருந்தது.

நண்பருக்கு இதையெல்லாம் ஃபோனில் ஒரு மணி நேரம் சொன்னேன். கடைசியா, பவுடரை டாக்டர்கிட்ட காட்டாம குடுக்காதீங்க, தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்கன்னேன். "அவ்வளவுதானா?"ன்னு கேட்டார். குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடி கூப்பிட்டார். 100.5. அம்மா தூங்கறாங்க, காலைல பார்த்துக்கலாமான்னு கேட்டார். நான் கொஞ்சம் சத்தமாவே பேசிட்டேன்னு நினைக்கிறேன், பக்கத்து ரூம்ல பையன் எழுந்துட்டான். பன்னிரண்டு மணிக்கு ஆட்டோவிலிருந்து மெசேஜ் வந்தது. காலையில இன்னொண்ணு: யூரின் இன்ஃபெக்‌ஷனாம், அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் ஏத்துறாங்களாம், அம்மா காபி கேட்கிறாங்களாம்.